முப்பிடாதி என்கிற பேச்சியம்மாள்

ஓய்வு பெற்றவர்களும் இப்போது வேலையில் இருப்பவர்களுமாகச் சேர்ந்து நாங்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். பெரும்பாலும் காலை வணக்கமும் பூப்படமும்தான் வரும். போன மாதம் அதில் ஓர் இளைய உதவியாளர் ஒரு கேள்வி போட்டிருந்தார். பத்திரம் பதிய வருகிறவரின் விரல் ரேகையை ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிற மெஷின் அன்று காலை முழுக்க வேலை செய்யவில்லையாம். கூட்டம் சத்தம் போட்டிருக்கிறது. “இந்த மெஷின் இல்லாத காலத்தில் வந்தவர் அவர்தான் என்று எப்படி சார் நம்பினீர்கள்?” என்று கேட்டிருந்தார்.

நம்பவில்லை என்பதுதான் பதில். முப்பத்து நாலு வருஷம் சார்பதிவாளர் அலுவலகங்களில் வேலை பார்த்தேன். அதில் முதல் நாலு வருஷத்தைத் தவிர யாரையும் நம்பியதில்லை. குழுவில் அப்படி எழுதினால் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் சொல்லப்போவது எந்த அலுவலகத்தில் நடந்தது என்று கேட்காதீர்கள். சங்கரன்கோவிலில் என் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிற தூரம், அவ்வளவுதான்.

சேர்ந்த புதிதில் பத்திரங்களைப் பேரேட்டில் நகலெடுக்கிற வேலை. பிறகு அட்டவணை எழுதுகிற வேலை. அதற்கும் பிறகு ரேகை வாங்குகிற வேலை. எழுதிக்கொடுப்பவரின் இடது கைப் பெருவிரலில் மை தடவி, பதிவேட்டில் ஒருமுறை உருட்டி எடுத்து, துடைத்துக்கொள்ளப் பழந்துணி கொடுக்க வேண்டும். இவர்தான் அவர் என்று இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போடுவார்கள். சட்டத்துக்கு அது போதும். எனக்கும் அது போதுமானதாகத்தான் இருந்தது, கருப்பசாமி வருகிறவரை.

இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து கருப்பசாமி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து, தன் மானாவாரி நிலத்தை விற்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அடையாளம் காட்டினார்கள். மூன்று பேருமே வெள்ளந்தியாகப் பேசினார்கள். விரலில் மை தடவியபோது கூசுகிறது என்று அந்த ஆள் சிரித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அசல் கருப்பசாமி பம்பாயிலிருந்து வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். முதலில் வந்து ரேகை வைத்தது அவருடைய தம்பி.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. “நான் அங்கன உசுரோட இருக்கும்போதே இங்கன இன்னொருத்தன் நானா இருந்துட்டுப் போயிருக்கான். நீரும் பாத்துக்கிட்டு இருந்திருக்கீரே, வே?” என்றார். வழக்கு நடந்தது, நிலம் அவருக்குத் திரும்பியது. ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு நானாகச் சில வழிகளைக் கண்டுபிடித்தேன். பெயரை முகத்துக்கு நேரே கேட்கக் கூடாது. ஆள் வராந்தாவில் அசந்து நிற்கும்போது பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். தன் பெயருக்குத் திரும்புகிற கழுத்து ஒரு மாதிரி திரும்பும், பாடம் பண்ணிவந்த பெயருக்கு வேறு மாதிரி திரும்பும். சாட்சிகளைத் தனித்தனியாக நிறுத்தி, எழுதிக்கொடுப்பவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்க வேண்டும். விவசாயம் என்று எழுதியிருந்தால் குதிகாலைப் பார்க்க வேண்டும். இந்த வழிகளால் இரண்டு மூன்று ஆள்மாறாட்டங்களைப் பிடித்தேன். அதனால் பேரும் கிடைத்தது.

வீட்டில் கிடைத்தது வேறு பேர். “எதுக்கெடுத்தாலும் ரெண்டு சாட்சி வேணும் இந்த மனுசனுக்கு” என்பாள் என் மனைவி கனகா. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் சித்தப்பாவைத் தனியாகக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், பையன் என்ன படித்திருக்கிறான், எங்கே படித்தான் என்று விசாரித்தேன். அந்தச் சம்பந்தம் அன்றோடு நின்றது. மகள் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. எனக்கு அதிலும் ஒரு சந்தேகம். அவளுக்கு அந்தப் பையனை முன்பே தெரியுமோ என்று.

ஓய்வு பெற ஆறு வருஷம் இருக்கும்போது எங்கள் அலுவலகத்துக்கு எஸ்தர் மேடம் சார்பதிவாளராக வந்தார். செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்து ஊர்க்காரர். ஐம்பதைத் தொடுகிற வயது, ஒல்லியான உடம்பு, குரலை உயர்த்தவே மாட்டார். தபால் வழியில் உளவியல் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தார். பாடப் புத்தகங்கள் பழுப்புக் கவரில் அலுவலக முகவரிக்கே வரும். இந்த வயதில் எதற்கு இந்தப் படிப்பு, பதவி உயர்வுக்கா, வேறு ஏதாவது திட்டமா என்று எனக்குள் ஓடியது. திட்டம் ஒன்றும் இல்லை, பிடித்திருந்தது, படித்தார் என்று தெரிந்துகொள்ள ஒரு வருஷம் ஆனது.

அவர் ஆளை விசாரிக்கிற முறையை அதற்கு முன்னும் பின்னும் நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. மற்ற அதிகாரிகள் எழுதிக்கொடுப்பவரை நிற்கவைத்தே கேட்பார்கள். இவர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார். அடையாள அட்டையை வாங்கி, படம் கீழே இருக்கும்படி மேஜையில் கவிழ்த்து வைப்பார். பிறகு, “நீங்க யாரு?” என்று மட்டும் கேட்பார். பேர் என்ன, ஊர் என்ன என்றெல்லாம் இல்லை. கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பதில் வர எவ்வளவு நேரமானாலும் இடையில் பேச மாட்டார்.

என்னென்ன பதில் வரும் என்கிறீர்கள்? ஆம்பிளைகளில் பாதிப் பேர் அப்பா பேரைச் சொல்வார்கள். கொஞ்சப் பேர் ஊர்ப்பேரைச் சொல்வார்கள். சாதியைச் சொல்கிறவர்கள் உண்டு. ஓய்வு பெற்ற வாத்தியார்கள் பள்ளிக்கூடத்துப் பேரைச் சொல்வார்கள். பொம்பளைகளில் அநேகம் பேர் “இன்னார் வீட்டுக்காரி” என்பார்கள். புருஷன் செத்துப் பத்து வருஷமாகியிருக்கும், அப்போதும் அதையேதான் சொல்வார்கள். தன் பேரையே முதலில் சொல்கிறவர்கள் குறைவு. அப்படிச் சொன்னவர்களை நான் கூடுதலாகச் சந்தேகப்பட்டேன்.

அடுத்து மேடம் பத்திரத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். நாலு எல்லைகளை வாசிக்கும்போது வேண்டுமென்றே ஒன்றை மாற்றிப் படிப்பார். சொத்தில் புழங்கிய ஆள் என்றால் உடனே திருத்திவிடுவார். வேஷம் போட்டு வந்தவர் தலையாட்டிக்கொண்டிருப்பார். இது எனக்கு மிகவும் பிடித்த முறை. எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று பொறாமைப்பட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தில் படித்ததைச் சொல்வார். மனிதனுக்குள் பார்க்கிற ‘நான்’ ஒன்று, பார்க்கப்படுகிற ‘நான்’ ஒன்று என இரண்டு இருக்கிறதாம். மற்றவர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோமோ அதைக்கொண்டுதான் நம்மை நாமே கட்டிக்கொள்கிறோமாம்.

“அப்படின்னா, பாக்கறவன் ஏமாந்தா கள்ளனும் நல்லவன்தானா, மேடம்?” என்று கேட்டேன்.

“அவனுக்கே கொஞ்ச நேரம் அப்படித் தோணலாம்ல, ஆவுடையப்பன் சார்? ரொம்ப நாள் நடிச்சா அதுவே ஆளாயிரும்னு ஒரு பாடமே இருக்கு. நீங்க வேலைக்குச் சேரும்போதே இவ்வளவு சந்தேகப்படுவீங்களா?”

“இல்ல. இங்கன வந்து பழகுனதுதான்.”

“லீவு நாள், ஞாயித்துக்கிழமையும் அப்படித்தானா?”

தூக்குச்சட்டியை மூடினேன்.

இனி பேச்சியம்மாள் விஷயத்துக்கு வருகிறேன்.

அன்று முகூர்த்த நாள், நல்ல கூட்டம். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பேச்சியம்மாள் என்ற பெண் தன் மகள் கோமதியோடு வந்திருந்தார். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்று இருப்பார். கோமதி புருஷனை இழந்தவள். இரண்டு பிள்ளைகளோடு தாய் வீட்டுக்கே வந்துவிட்டாள். அந்த வீட்டை மகள் பேருக்குச் செட்டில்மென்ட் எழுதிவைக்கத்தான் வந்திருந்தார்கள். வீடு பேச்சியம்மாளுக்கு அவருடைய அப்பா எழுதிக்கொடுத்தது. அந்தப் பழைய பத்திரத்தில் ‘என் மூத்த குமாரத்தி பேச்சியம்மாளுக்கு’ என்று தெளிவாக இருந்தது.

மேடம் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “நீங்க யாரும்மா?” என்று கேட்டார்.

அந்த அம்மா மேஜையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடி மேஜையைப் பார்த்தார். அந்த நாற்காலியில் அவ்வளவு நேரம் யாரும் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் தாழ்ந்த குரலில், “பேச்சியம்மா” என்றார்.

“வயசு?”

“அம்பத்தெட்டு.” உடனே முகம் மாறியது. “இல்ல, அறுபத்தொண்ணு.”

அட்டையில் அறுபத்தொன்று. எனக்கு உள்ளே மணி அடித்தது.

மேடம் பத்திரத்தை வாசித்தார். “மேற்கே தம்பி சண்முகையா வீடு, வடக்கே ஓடை” என்று மாற்றிப் படித்ததும், “வடக்கதான் தம்பி வீடு. ஓடை மேக்கல்லா இருக்கு, அம்மா” என்று அந்த அம்மா சட்டென்று திருத்தினார். வீட்டைத் தெரிந்தவர்தான். ஆனால் வீட்டைத் தெரிந்தவரெல்லாம் வீட்டுக்காரராகிவிட முடியுமா? நான் குனிந்து மேடத்தின் காதில், “பேரைச் சொல்ல யோசிச்சாங்க, வயசுல தடுமாறுனாங்க. விடாதீங்க” என்றேன். மேடம் பத்திரத்தை நிலுவையில் வைத்து, பள்ளிச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அடுத்த புதன்கிழமை வரச் சொன்னார். கோமதி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். நான் காதில் சொன்னதை அவள் கவனித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் அந்த ஊருக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. அப்படி ஒரு விசாரணைக்கு எனக்கு அதிகாரமும் கிடையாது. கனகாவிடம் துக்கம் கேட்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஊர் முனையில் ஒரு டீக்கடை. அதை ஒட்டி ராமையா என்பவரின் தையல் கடை. சட்டைப் பித்தானைத் தைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். ராமையாவுக்கு அறுபது வயதிருக்கும். பேச்சியம்மாளைத் தெரியுமா என்று கேட்டதும், “தெரியாம என்ன, ஒண்ணாங்கிளாஸ்ல என் கூடப் படிச்ச பிள்ளைல்லா” என்றார். ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே, “எந்தப் பேச்சியக் கேக்கிய? ரெண்டு பேச்சி உண்டு” என்றும் சொன்னார்.

“ரெண்டா?”

“மொதப் பேச்சி செத்துப்போச்சு. காய்ச்சல்ல. லேட்டாக் கொண்டாந்து சேத்தாவ, எட்டு வயசு இருக்கும். நாலு மாசம் வந்துச்சு, பெறகு வரல. அடுத்த வருசம் அது தங்கச்சி வந்துச்சு. வாத்தியார் பேச்சின்னு கூப்பிட்டாரு, இதுவும் உள்ளேன் ஐயான்னுச்சு. எங்களுக்கு அப்ப ஒரே கொழப்பம். அதுக்கு மொதல்ல முப்பிடாதின்னு பேரு.”

நான் கண்டுபிடித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. செத்துப்போன அக்காவின் பெயரில் உயிரோடிருக்கிற தங்கை வந்து பத்திரம் பதியப் பார்க்கிறாள், இருபத்தைந்து வருஷப் பழக்கம் வீண்போகவில்லை என்று மனம் துள்ளியது. உறுதிப்படுத்திக்கொள்ள, “அப்போ இப்ப இருக்கறது முப்பிடாதிதானே? பேச்சி இல்லையே?” என்று இரண்டு தரம் சத்தமாகக் கேட்டேன். டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தேன். பொருட்படுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சண்முகையா ஆட்சேப மனுவோடு வந்தார். பேச்சியம்மாளின் ஒரே தம்பி, நாற்பத்தைந்து வயது, புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் தரகு வேலை. மனுவில், பேச்சியம்மாள் சிறு வயதிலேயே இறந்துவிட்டார், இப்போது வந்திருப்பவர் இரண்டாவது மகள் முப்பிடாதி, இது ஆள்மாறாட்டம், அப்பா எழுதிய பத்திரமே செல்லாது, வீட்டில் தனக்கும் பங்கு உண்டு என்று இருந்தது. அக்காவின் வீடு அவர் வீட்டை ஒட்டி இருந்தது. அக்காள் மகள் பிள்ளைகளோடு நிரந்தரமாக வந்து உட்கார்ந்ததில் அவருக்கு வருத்தம் என்று பிறகு தெரிந்தது.

அவர் போன பிறகு மேடம் மனுவை இரண்டு முறை படித்தார். “அக்காவுக்கும் தம்பிக்கும் பதிமூணு வருசத்துக்குக் கொறையாத வித்தியாசம். இவரு பொறக்கறதுக்கு முன்னால செத்த பிள்ளை, மாறுன பேரு. போன வாரம் வரைக்கும் தெரியாதது இந்த வாரம் எப்படித் தெரிஞ்சுது?”

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் பேனா மூடியைத் திருகி மூடினார்.

“உண்மையக் கண்டுபிடிச்சிருக்கீங்க. அது தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா அந்த வீட்டுல அம்பது வருசத்துக்கு முன்னால பொதைச்ச ஒரு பிள்ளையத் தோண்டி வாசல்ல போட்டுட்டு வந்திருக்கீங்க. இனிமே அதை யாரு எடுத்து உள்ள வைக்கறது?”

அப்போதும் நான் விடவில்லை. “ஆள்மாறாட்டம் ஆள்மாறாட்டம்தானே, மேடம்?” என்றேன். எங்கள் ஊர்க் கோயிலில் பாதி அரன், பாதி அரி என்று ஒரே உடம்பில் இரண்டு பேரைக் கும்பிட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் பதிவேட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு பெயர்தான் எழுத முடியும்.

புதன்கிழமை பேச்சியம்மாள், வரச் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்பே வந்துவிட்டார். மகள் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். அவர் வராந்தாவில் எனக்கு முதுகைக் காட்டி, அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் வழக்கமான சோதனையைச் செய்தேன். பின்னாலிருந்து, “பேச்சியம்மா!” என்று கூப்பிட்டேன்.

உடனே திரும்பினார். தன் பெயருக்குத் திரும்புகிற கழுத்து அது. எனக்கு ஏமாற்றம். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன். அவர் மறுபடி பலகைப் பக்கம் திரும்பியதும், “முப்பிடாதி!” என்று கூப்பிட்டேன்.

அதற்கும் திரும்பினார். ஆனால் முதலில் திரும்பியதைப் போல இல்லை. உடம்பே சுருங்கி, சின்னப் பிள்ளை திடுக்கிட்டுத் திரும்புவதைப் போல. என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்றும் பார்த்தார். 

“அந்தப் பிள்ளைய எதுக்குக் கூப்பிடுதிய?” என்றார்.

“அது நீங்கதானே?”

“அது எங்கம்மை படுத்த படுக்கையா கெடக்கும்போதே போயிட்டு, சார். அதப் போட்டுக் கூப்பிடாதிய.”

இருபத்தைந்து வருஷமாக என்னை ஏமாற்றாத சோதனை அது. ஓர் ஆள் இரண்டு பெயருக்கும் திரும்பினால் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டேன்.

விசாரணை அறையில் மேடம் மேஜைக்கு ஒரு பக்கம் பேச்சியம்மாளையும் கோமதியையும், மறு பக்கம் சண்முகையாவையும் உட்காரவைத்தார். நான் எழுதிக்கொள்ள உட்கார்ந்தேன்.

“நடந்ததைச் சொல்லுங்கம்மா. பயப்படாதீங்க” என்றார் மேடம்.

பேச்சியம்மாள் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு சொன்னார். “எங்கக்கா போனதுலேருந்து எங்கம்மை எந்திரிக்கல. சாப்பிடல, தல சீவல. நான் ஒருத்தி இருக்கேன்னே அவளுக்குத் தெரியல. எனக்கு அஞ்சு வயசு. ஒரு நா சாயங்காலம் கண்ணத் தொறந்து, ஏட்டி பேச்சி, தண்ணி கொண்டான்னா. வீட்டுல வேற யாருமில்ல. நான் செம்புல மோந்து கொண்டுபோயிக் குடுத்தேன். குடிச்சா. குடிச்சிட்டு எந்திரிச்சி உக்காந்து எனக்குத் தல சீவுனா. அன்னையிலேருந்து நான் பேச்சி. எங்கப்பாவும் மாத்திக் கூப்பிடல, பள்ளிக்கூடத்துலயும் அப்படியே சொல்லிட்டாவ.”

“உங்கம்மாவுக்கு வித்தியாசம் தெரியாதா?”

“தெரியும். சாகுறதுக்கு ஒரு வாரம் முந்தி என் கையப் பிடிச்சிக்கிட்டு, ஒன் பேர நான் தின்னுட்டேன், மக்கான்னா.”

நான் எழுதுவதை நிறுத்தியிருந்தேன். மேடம் எழுதச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

“இதனால உங்களுக்கு என்ன லாபம் கெடைச்சுது?” என்று மேடம் கேட்டார். நான் கேட்க நினைத்த கேள்வி அது.

“லாபமா? அக்கா வயசுக்கு என்னைய மூணு வருசம் முந்தியே வேலையிலேருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாவ.”

மேடம் சண்முகையா பக்கம் திரும்பினார். “இவங்களை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?”

“எக்கான்னு.”

“ஊர்ல வேற யாராவது எந்த அக்கான்னு கேட்டா?”

“பேச்சியக்கான்னு சொல்லுவேன்.”

“முப்பிடாதின்னு எப்பவாவது?”

அவர் குனிந்துகொண்டார். “நான் பொறந்ததுலேருந்தே அவ பேச்சிதான். போன ஞாயித்துக்கெழமைதான் டீக்கடையில சொன்னாங்க.”

“உங்கப்பா அந்த வீட்டை எழுதிவைக்கும்போது, பெரிய பிள்ளை செத்துப்போனது அவருக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்போ மூத்த குமாரத்தி பேச்சியம்மாள்னு அவரு யாரை நெனச்சு எழுதியிருப்பாரு? செத்த பிள்ளைக்கா வீடு எழுதுவாரு?”

சண்முகையா தன் மனு நகலைப் புரட்டினார். அவர் பக்கத்தில் ஒரு ஞாயம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். காகிதத்தில் இருந்த எழுத்துப்படி அவர் சொன்னதில் தவறே இல்லை. அவருக்குப் பதிலாக நான் வாயைத் திறந்தேன். “இருந்தாலும், மேடம், அந்தப் பேரு ஒரு பொய்ல ஆரம்பிச்சிருக்கே?”

“உங்க பேரு எதுல ஆரம்பிச்சுது, ஆவுடையப்பன் சார்? நீங்களா வச்சுக்கிட்டீங்க? யாரோ கூப்பிட்டாங்க, நீங்க திரும்பினீங்க.”

அப்போது எனக்கு அது புத்தகப் படிப்புப் பேச்சாகத்தான் பட்டது.

மேடம் உத்தரவு எழுதினார். வந்திருப்பவர் எழுதிக்கொடுப்பவர்தான் என்பதில் தமக்குத் திருப்தி. சொத்தில் யாருக்கு என்ன உரிமை என்பது நீதிமன்றம் பார்க்க வேண்டியது. ஆட்சேபம் உள்ளவர் மாவட்டப் பதிவாளரிடம் முறையிடலாம். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். பத்திரத்தில் ‘முப்பிடாதி என்கிற பேச்சியம்மாள்’ என்று திருத்தி எழுத வேண்டும். கையெழுத்தும் அப்படியே இருக்க வேண்டும். நாளைக்கு வேறு யாரும் கோமதியின் பத்திரத்தில் குற்றம் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக.

பேச்சியம்மாள் உடனே சம்மதிக்கவில்லை. “அதப் போடாம முடியாதா?” என்று கேட்டார். முடியாது என்றார் மேடம். கோமதி, “எம்மா, போட்டிரும்மா. பிள்ளைய ரெண்டும் அந்த வீட்டுலதான இருக்கணும்” என்று கையைப் பிடித்தாள். அந்த அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சரி என்றார்.

பத்திர எழுத்தர் திருத்திக்கொண்டு வந்தார். கேமராவுக்கு முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்தோம். நான் ரேகை வாங்கினேன். அந்த விரலில் சமையல் சூட்டுத் தழும்பு ஒன்று குறுக்கே ஓடியது. பிறகு கையெழுத்து. பேனாவைக் கொடுத்துக் கட்டத்தைக் காட்டினேன்.

அவர் ‘மு’ எழுதினார். நிறுத்தினார். பேனா முனை தாளில் பட்டபடியே நின்றது. மறுபடி யோசிக்கிறார், ஏதோ இருக்கிறது என்று என் மனம் உடனே கிளம்பியது.

அவர் தலையை நிமிர்த்தாமல் என்னிடம் மெதுவாகக் கேட்டார். “சார், இதுக்கு அடுத்து புள்ளி வச்ச ‘ப்’ போடணுமா? நான் இத எழுதுனதே இல்ல.”

நான் ஒரு துண்டுத் தாளில் ‘முப்பிடாதி’ என்று பெரிதாக எழுதி அவருக்கு முன்னால் வைத்தேன். ஐம்பத்தெட்டு வயதுப் பெண் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினார். ‘என்கிற’ என்று எழுதினார். ‘பேச்சியம்மாள்’ மட்டும் ஒரே இழுப்பில் வந்தது. துண்டுத் தாளை நான் எடுக்கப்போனபோது, அதைத் தானே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வராந்தாவில் அவரைத் திட்டமிட்டுக் கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். “மன்னிச்சிருங்கம்மா” என்றும் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தலையை அசைத்துவிட்டு மகளோடு வெளியே போனார். ராமையா கடையில் பேசியது நான்தான் என்பது அவருக்குத் தெரியுமா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று நம்புவதற்கும் எனக்கு மனம் வரவில்லை.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் உண்டு. சண்முகையா போவார் என்று நான் ஒவ்வொரு தபாலையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. மேடம் அடுத்த வருஷம் மாறுதலாகிப் போனார். எம்.ஏ. முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் ஓய்வு பெற்றேன். சந்தேகம் என்னோடு ஓய்வு பெறவில்லை. பால்காரரின் அளவுப்படியை இன்னும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். அது நான் பார்த்த வேலையா, நானேதானா என்று யாராவது கேட்டால், அந்த அம்மாவைப் போல நானும் மேஜையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அன்று அவர்கள் கிளம்பிப் போனதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்துக்கு எதிரேதான் பஸ் நிற்கும். கோமதி பிள்ளைகளுக்குப் பழம் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்றார்கள். இருவருக்கும் ஒரே ஊர், ஒரே பஸ். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்து நின்றது. சண்முகையா படியில் ஏறிவிட்டார். பேச்சியம்மாள் மகளைத் தேடிக் கடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் உறுமியது.

“எக்கா! வண்டி எடுக்கப்போறான், ஏறு!” என்று படியில் நின்றபடி சண்முகையா கத்தினார். பிறகு உள்ளே திரும்பி டிரைவரிடம், “அண்ணாச்சி, ஒரு நிமிசம், எங்கக்கா மக வாரா” என்று சொன்னது எனக்குக் கேட்டது.

கோமதி ஓடிவந்தாள். தாயும் மகளும் ஏறினார்கள். அவர் வண்டியை நிறுத்திவைத்தது பாசம்தானா, ஊரார் பார்க்கிறார்களே என்பதற்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். கூட்டம் மறைத்துக்கொண்டது.